கிராம மருத்துவ கேம்ப்புக்கு முதல் தடவை போகிறீர்களா? பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

அல்சூரிலோ கே.ஆர். புரத்திலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ இருக்கிற தமிழர் யாருடைய வாட்ஸ்ஆப்பிலும் அவ்வப்போது இப்படி ஒரு செய்தி வந்து விழும்: "வரும் ஞாயிறு தேன்கனிக்கோட்டை பக்கம் இலவச மருத்துவ முகாம். தன்னார்வலர்கள் தேவை. டீ-ஷர்ட், மதிய உணவு உண்டு." போகலாம் என்று ஆசை வரும். கூடவே, "டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, நான் போய் என்ன கிழிக்கப் போகிறேன்" என்று தயக்கமும் வரும்.

தயக்கம் வேண்டாம். ஒரு கேம்ப்பில் டாக்டர் ஒரு ஆளோடு செலவிடுவது சில நிமிடங்கள்தான். அந்த ஆள் வந்து உட்கார்வது, பெயர் எழுதுவது, பி.பி. பார்ப்பது, மாத்திரையை எப்போது போடுவது என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போவது எல்லாம் தொண்டர்கள் கையில்தான் இருக்கிறது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. மருத்துவம் கற்றுக்கொடுப்பது இதன் நோக்கம் இல்லை.

எந்தக் கேம்ப்புக்குப் போவது

ரோட்டரி, லயன்ஸ், பெரிய ஆஸ்பத்திரிகளின் கிராமப் பிரிவு, கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பிரிவு, மடம், சர்ச், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் என்று கேம்ப் நடத்தாதவர்களே கிடையாது. கூப்பிட்டவுடன் வண்டியில் ஏறிவிடாதீர்கள். அமைப்பாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லியாயிற்றா? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தால், அந்த ஆள் எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் செலவில் போவார்? அடுத்த தடவை இதே ஊருக்கு எப்போது வருவீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு "பார்க்கலாம்" என்று பதில் வந்தால், அது போட்டோவுக்கு நடக்கிற கேம்ப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். கிராமத்திலும் இப்போது பலருக்கு வரும் பிரச்சினை பி.பி.யும் சுகரும். இரண்டுமே வாழ்நாள் வியாதி. பதினைந்து நாளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனால் பதினாறாவது நாள் அந்த அம்மா என்ன செய்வார்? கேம்ப்பில் செய்கிற ஒவ்வொரு வேலையையும் இந்தக் கேள்வியை வைத்தே அளந்து பாருங்கள்.

பதில் பெரும்பாலும் அரசாங்கத்திடமே இருக்கிறது. தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற திட்டம். அதே மாவட்டத்தில் கேம்ப் போட்டுவிட்டு, புதிதாகக் கண்டுபிடித்த ஆட்களின் பெயர்களைக் கிராம சுகாதார செவிலியரிடம் கொடுக்காமல் வந்தால், வேலை பாதியில் நின்றதாகத்தான் அர்த்தம். கர்நாடகப் பக்கம், ஆனேக்கல், மாலூர், கனகபுரா போன்ற இடங்களில் இந்த வேலைக்கு ஆஷா என்கிற கிராமச் சுகாதாரப் பணியாளரைப் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் மலைப்பகுதி தவிர மற்ற இடங்களில் ஆஷா அதிகம் கிடையாது; அங்கே 'நர்சம்மா' என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள்.

கிராமத்தோடு தங்கிவிட்டவர்கள் நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள். கர்நாடகத்துப் பிளிகிரிரங்கன மலையில் சோலிகர் என்ற பழங்குடியினருக்காக டாக்டர் சுதர்சன் 1981-இல் தொடங்கிய விவேகானந்தா கிரிஜன கல்யாண கேந்திரம் இன்றும் நடக்கிறது. தர்மபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே சிட்லிங்கியில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993-இல் ஆரம்பித்த ஆஸ்பத்திரியில், உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்றுச் சுகாதாரப் பணியாளர்களாக இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கேம்ப் அந்த அளவுக்கு வராது, வரவேண்டும் என்றும் இல்லை. ஆனால் அவர்கள் செய்ததில் ஒரு துண்டையாவது நாம் செய்யலாம்: உள்ளூர் ஆளிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு வருவது.

தவிர்க்க வேண்டிய கேம்ப்புகளும் உண்டு. பள்ளிக்கூட வகுப்பறையில் ஆபரேஷன் செய்கிறோம் என்று சொல்கிற கேம்ப்புக்குப் போகாதீர்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் கருத்தடை கேம்ப் ஒன்றில் அறுவை செய்துகொண்ட பெண்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்த மாதிரி கருத்தடை முகாம்களையே படிப்படியாக நிறுத்தச் சொன்னது. கண்புரைக்கு மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி காட்டிய வழிதான் சரி: கேம்ப்பில் ஆளைக் கண்டுபிடித்து, பஸ்ஸில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் வைத்து ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது. கர்ப்பிணிகளுக்கு வண்டியில் ஸ்கேன் மெஷின் கொண்டுவருகிறோம் என்று சொன்னாலும் விலகிவிடுங்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கிற 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாத ஸ்கேன் மெஷின் பெரிய வில்லங்கம். மாத்திரைக் கவரோடு துண்டுப் பிரசுரத்தையும் சேர்த்துக் கொடுக்கிற கேம்ப்பும் எனக்கு ஒத்துவராது, எந்த மதத்துக்காரர் நடத்தினாலும் சரி. வலியோடு வருகிறவர் பதில் பேச முடியாத இடத்தில் இருக்கிறார்.

போவதற்கு முன்னால்

ஊசி, ரத்தம் இருக்கிற இடத்தில் நிற்கப் போகிறீர்கள் என்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மூன்று டோஸ், முதல் டோஸுக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறு மாதம் கழித்து மூன்றாவது. வருகிற ஞாயிறுக்குள் முடிகிற விஷயம் இல்லை. அதுவரை ரெஜிஸ்ட்ரேஷன், வரிசை, கடைசி மேசை போன்ற வேலைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சாதாரணப் பருத்தி உடை, மூடிய செருப்பு அல்லது ஷூ, தண்ணீர் பாட்டில், இரண்டு பேனா, ஒரு மார்க்கர், டார்ச், சானிடைசர், கொஞ்சம் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடர், உங்கள் சாப்பாடு. கடைசியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஊர்க்காரர்கள் விருந்து வைப்பார்கள், சாப்பிடாமல் விடமாட்டார்கள். அது வேறு விஷயம். ஆனால் தொண்டர்கள் இருபது பேருக்குச் சமைக்கிற வேலையை அங்கன்வாடி அம்மாவின் தலையில் போடுவது நியாயம் இல்லை.

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியில் போகிறவர்கள் காலை ஐந்தரைக்காவது கிளம்பிவிட வேண்டும். ஏழு மணி ஆனால் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவிலேயே பொழுது போய்விடும். திரும்புவதும் வெளிச்சத்திலேயே. அந்தக் காடுகளில் யானை நடமாட்டம் உண்டு, ராகி விளைகிற மாதங்களில் கூட்டமாகவே வரும். கேம்ப்பை இரண்டு மணிக்கு முடித்தால்தான் மலைக் குக்கிராமத்திலிருந்து நடந்து வந்தவர்களும் பத்திரமாக வீடு போய்ச் சேர முடியும். ராகி அறுவடை நேரத்திலும் சந்தை நாளிலும் கேம்ப் வைத்தால் யாரும் வரமாட்டார்கள் என்பதையும் அமைப்பாளர் காதில் போட்டு வையுங்கள். ஞாயிறு நமக்கு வசதி. அவர்களுக்கு வசதியா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

மொழி. "தமிழ்நாட்டு ஊர்தானே, தமிழ் போதும்" என்று நினைக்க வேண்டாம். ஓசூர், தளிப் பக்கம் பல வீடுகளில் பேச்சு கன்னடம் அல்லது தெலுங்கு. பெங்களூரில் ஆட்டோக்காரரிடம் பேசுகிற கன்னடம் இங்கே கைகொடுக்கும். "எல்லி நோவு?" (எங்கே வலி?), "எஷ்டு தினதிந்த?" (எத்தனை நாளாக?), "ஊட்டா ஆய்தா?" (சாப்பாடு ஆச்சா?) என்ற மூன்று கேள்விகளே காலைப் பொழுதை ஓட்டிவிடும். தெலுங்கில் "எக்கட நொப்பி?" (எங்கே வலி?), "அன்னம் தின்னாரா?" (சாப்பிட்டீங்களா?). உடைந்த மொழியில் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்த பிறகு நிறையப் பேசுவார்கள்.

எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

தொண்டர் நோயைச் சொல்லக்கூடாது, மருந்தைச் சொல்லக்கூடாது, ஊசி போடக்கூடாது. தகுதி இல்லாமல் மருத்துவம் பார்த்தால் 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். மருந்து எடுத்துக் கொடுக்கிற மேசையில் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் ஒருவர் இருக்க வேண்டும். நீங்கள் அவருக்கு உதவியாள் மட்டும். மெடிக்கல் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிற தம்பி கழுத்தில் ஸ்டெத்தோடு உட்கார்ந்தால் ஊர்க்காரர்களுக்கு அவர் டாக்டர்தான். அதனால் ஸ்டெத் டாக்டர்களோடு நிற்கட்டும்.

ரெஜிஸ்ட்ரேஷன் மேசை

முதல் தடவை போகிறவர்களை இங்கேதான் உட்கார வைப்பார்கள். எளிய வேலை மாதிரி தெரியும். நாள் முழுக்க நடக்கிற குழப்பத்தில் பாதி இங்கேதான் முளைக்கிறது.

பெயர் மட்டும் எழுதினால் போதாது. ஒரே ஊரில் நான்கு முனியம்மா, மூன்று மாதம்மா, இரண்டு வெங்கடப்பா இருப்பார்கள். கணவர் அல்லது அப்பா பெயர், வீடு இருக்கும் தெரு அல்லது கொட்டாய் (குக்கிராமம்) பெயர் சேர்த்து எழுதுங்கள். போன் நம்பர் எழுதும்போது அது யாருடைய போன் என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் மகனுடையதாக இருக்கும், மகன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருப்பார்.

வயது கேட்டால் "அது இருக்கும் ஒரு அம்பது, எழுவது" என்பார்கள். வாக்காளர் அட்டை இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் எம்.ஜி.ஆர். இறந்தபோது கல்யாணம் ஆகிவிட்டதா, கையில் குழந்தை இருந்ததா என்று கேட்டால் ஓரளவு கணக்குப் போடலாம். அது 1987 டிசம்பர். ஆதாரை வற்புறுத்திக் கேட்காதீர்கள். அட்டையைக் கண்டதும் ஏதோ அரசாங்கப் பணம் வரப்போகிறது என்று வரிசை இரண்டு மடங்காகும், அல்லது பயந்து பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள்.

வயதானவர்களை "பாட்டி" என்று கூப்பிட்டால் சிலருக்கு முகம் சுருங்கும். அம்மா, ஐயா, அக்கா, அண்ணா போதும். "வாங்கம்மா, உக்காருங்க" என்ற பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

எல்லோர் முன்னாலும் உரக்க "என்ன பிரச்சினை?" என்று கேட்காதீர்கள். வெள்ளைப்படுதல், அடி (கர்ப்பப்பை) இறங்குவது, சிறுநீர் அடங்காமல் போவது போன்றவற்றைப் பக்கத்து வீட்டுக்காரி காதுபட எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். "முட்டி வலி" என்று சொல்லிவிட்டு, முட்டி வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். பெண்கள் என்றால் "பொம்பளை டாக்டரைப் பார்க்கணுமா?" என்று மெதுவாகக் கேட்டுச் சீட்டில் ஒரு குறி போட்டால் போதும். அந்த டாக்டரின் இடம் நான்கு பக்கமும் சேலை கட்டி மறைத்ததாகவும், உள்ளே கூட ஒரு பெண் தொண்டர் இருப்பதாகவும் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் இந்த மேசையிலேயே கேட்டுவிட வேண்டும்: "சுகர் மாத்திரை போட்டீங்களா? ஏதாவது சாப்பிட்டீங்களா?" விடிகாலையில் மாத்திரை போட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனை இருக்கும் என்று வெறும் வயிற்றோடு வந்து, பதினொரு மணி வெயிலில் நிற்கிறவர்கள் இருப்பார்கள். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் சுகர் இறங்குகிறது என்று சந்தேகப்படுங்கள். நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இப்படிச் சாப்பிடாமல் வந்த சுகர்க்காரர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள், காய்ச்சல்காரர்கள் எல்லோரையும் வரிசையிலிருந்து முன்னே அனுப்புங்கள். ஊர்ப் பிரமுகரின் மச்சானை முன்னே அனுப்பச் சொல்லி ஒருவர் வந்து நிற்பார். அவருக்கு நாற்காலி கொடுங்கள், டோக்கனை மாற்றாதீர்கள்.

பி.பி., சுகர் மேசை

இங்கே அவசரம்தான் எதிரி. மேட்டில் ஏறி நடந்து வந்தவரை உட்கார்ந்ததும் பட்டை கட்டிப் பார்த்தால் பி.பி. அதிகமாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும், கையை மேசை மேல் நெஞ்சு மட்டத்தில் வைக்க வேண்டும். இறுக்கமான ரவிக்கைக் கை மேல் பட்டையைக் கட்டக்கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வரட்டும். அரைமணி நேரத்துக்குள் டீ, பீடி, புகையிலை இருந்தால் காத்திருக்க வேண்டும். அளக்கும்போது அவரும் பேசக்கூடாது, நீங்களும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம்.

140-க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால் சில நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள், இரண்டையும் சீட்டில் எழுதுங்கள். 180, 110 என்று போனால் சீட்டை வரிசையில் வைக்காமல் நேரே டாக்டரிடம் கொண்டு போங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கைகால் வராமல் போவது, வாய் கோணுவது இருந்தால் டாக்டரைக் கத்திக் கூப்பிடலாம். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். இரண்டு மாநிலத்திலும் அதே நம்பர்தான். டவர் எங்கே கிடைக்கும் என்பதைக் காலையிலேயே பார்த்து வையுங்கள்.

சுகர் பார்க்கும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துக் காய வைத்த பிறகே குத்த வேண்டும். வெல்லம் தொட்ட கை, பழம் தின்ற கை எல்லாம் மெஷினில் பெரிய நம்பராக வரும். ஸ்பிரிட் போட்டால் காயும் வரை பொறுங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள், வலி குறையும். முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு லான்செட் (விரலில் குத்துகிற சின்ன ஊசி), மறு பேச்சு இல்லை. பல பேருக்குப் பயன்படுத்துகிற பேனா மாதிரியான குத்தும் கருவி கேம்ப்புக்கு வரவே கூடாது. ரத்தத் துளியை வைக்கிற ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்தபடி வெயிலில் வைத்தால் ஸ்ட்ரிப் கெட்டுப்போகும். பிஸ்கட் பொட்டலம் கொடுப்பது இந்த மேசையைத் தாண்டிய பிறகுதான்.

நம்பரைப் பார்த்ததும் "ஐயோ, உங்களுக்கு சுகர் இருக்கே!" என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சொல்லாதீர்கள். ஒரு தடவை குத்திப் பார்த்த நம்பர் நோயை முடிவு செய்யாது. "எழுதியிருக்கேன்மா, டாக்டர் பார்த்துச் சொல்வார்" என்பதுதான் உங்கள் பதில்.

குத்தின ஊசி உங்கள் கையில் பட்டுவிட்டால் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே. கூச்சப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை இது.

குப்பையும் இந்த மேசையின் பொறுப்பே. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் கேம்ப்புக்கும் பொருந்தும். ஊசியும் லான்செட்டும் துளையாத வெள்ளை டப்பாவில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், கையுறை மாதிரி பிளாஸ்டிக் சிவப்புப் பையில். எல்லாவற்றையும் கட்டி, கூட வந்த ஆஸ்பத்திரி வண்டியிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொளுத்திவிட்டு வந்தால், திங்கட்கிழமை அங்கே விளையாடப் போகிறவை குழந்தைகள்.

கண்ணாடி மேசை

நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் வருவது. எழுத்து தெரியாதவர்களிடம், "ஊசியில நூல் கோர்க்க முடியுதா, அரிசியில கல் பொறுக்க முடியுதா?" என்று கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். தூரப் பார்வைக்கு எழுத்துச் சார்ட்டுக்குப் பதில் நான்கு பக்கமும் திரும்பியிருக்கிற 'ஈ' வடிவச் சார்ட்டை ஆறு மீட்டரில் மாட்டுங்கள். கண்ணாடி கிடைத்த கையோடு முகம் மலர்வது இந்த ஒரு மேசையில்தான்; அதனால் தொண்டர்கள் எல்லோரும் இங்கேயே வந்து நிற்பார்கள். கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து மேசை

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வீடாகச் சேர்த்த மிச்ச மாத்திரைகளை ஒருவர் பெருமையோடு தூக்கிக்கொண்டு வருவார். நன்றி சொல்லி ஓரமாக வையுங்கள். பாதி ஸ்ட்ரிப், தேதி தெரியாத சிரப், விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்த சாம்பிள் எதுவும் இந்த மேசைக்கு ஆகாது. ஸ்ட்ரிப்பை வெட்டும்போது காலாவதித் தேதி இருக்கிற பக்கம் நோயாளியோடு போகும்படி வெட்டுங்கள்.

படிக்கத் தெரியாதவர்களுக்குக் கவரின் மேல் மார்க்கரால் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா வரையுங்கள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதற்கு ஒரு தட்டு வரைந்து, மாத்திரைப் புள்ளியைத் தட்டுக்கு இடது பக்கமோ வலது பக்கமோ வைக்கலாம். பிறகு "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்கம்மா, எப்படிப் போடுவீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். பத்தில் சிலர் வேறு மாதிரி சொல்வார்கள். அங்கேயே திருத்திவிடலாம்.

"ஒரு ஊசி போடுங்க", "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க", "டானிக் இல்லையா?" என்ற மூன்றும் எல்லா ஊரிலும் வரும். ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை என்ற நம்பிக்கை அத்தனை வலுவானது. வாதாடாதீர்கள். டாக்டர் எழுதியது இதுதான், ஊசி தேவைப்பட்டால் அவரே எழுதியிருப்பார் என்று சொல்லிவிடுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை வாங்குகிற பெண்களிடம் இரண்டு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். டீயோடு சேர்த்துப் போடக்கூடாது, ஒரு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். இதைச் சொல்லாததால் மூன்றாம் நாளே மாத்திரையைப் பரண் மேல் போட்டுவிடுகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. மாத்திரை இல்லாத குறை மட்டும் இல்லை இது.

கடைசி மேசை

பல கேம்ப்புகளில் இந்த மேசையே இருப்பதில்லை. மருந்து வாங்கியதும் வாசல்தான். நீங்கள் போகிற கேம்ப்பில் இல்லையென்றால், ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு நீங்களே தொடங்குங்கள். உள்ளூர் நர்சம்மாவையோ ஆஷாவையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் நல்ல தொண்டரை இங்கேதான் போட வேண்டும்.

இங்கே முதல் கேள்வி, "ரேஷன் கார்டு எந்த மாநிலம்?" என்பது. எல்லை ஊர்களில் தமிழ் பேசுகிறவரிடம் கர்நாடகக் கார்டு இருக்கும், கன்னடம் பேசுகிறவரிடம் தமிழ்நாட்டுக் கார்டு இருக்கும். தமிழ்நாட்டுக் கார்டு என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம். ஆஸ்பத்திரி தேன்கனிக்கோட்டை, ஓசூர், பிறகு கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜ். கர்நாடகக் கார்டு என்றால் ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா. ஆனேக்கல் தாலுகா ஆஸ்பத்திரி, அப்புறம் பெங்களூரில் விக்டோரியா அல்லது பவ்ரிங். இதயத்துக்கு ஜெயதேவா, புற்றுநோய்க்கு கிட்வாய், நரம்பு, மனநலத்துக்கு நிம்ஹான்ஸ் என்று டாக்டர் எழுதலாம். எந்த அட்டை எங்கே செல்லும் என்று அந்த ஆஸ்பத்திரியிலேயே முன்கூட்டி விசாரித்து ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். "பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று வாயால் சொன்னால் அவர் போகமாட்டார். எந்த பஸ், எந்த ஸ்டாப், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ஓ.பி. சீட்டு, என்னென்ன காகிதம் என்று எழுதிக் கொடுத்தால் போவார். கூலிக்கு ஒருநாள் போகாமல் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அவசரம் இல்லாததை அவசரம் மாதிரி சொல்லி இரண்டு நாள் கூலியைக் கெடுக்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று சீட்டில் எழுதியிருந்தால், அந்த ஆள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குப் போவதற்கு நாள் குறித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோய் என்று உறுதியானால் சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் மத்திய அரசு கொடுக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 500-ஆக இருந்தது. உணர்ச்சி இல்லாத தேமல் (தொழுநோயாக இருக்கலாம்), வாயில் ஆறாத புண் அல்லது வெள்ளைத் திட்டு (வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்) இருப்பவர்களின் பெயரையும் நர்சம்மாவின் நோட்டில் தனியாக எழுத வேண்டும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி, கோலார் பக்கங்களில் பல்லில் பழுப்புக் கறையோடு, இடுப்பும் முட்டியும் பிடித்துக்கொண்டதாகச் சொல்கிறவர்களை நிறையப் பார்ப்பீர்கள். போர்வெல் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடு ஒரு காரணமாக இருக்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். இவர்களுக்கு வலி மாத்திரையை அள்ளிக் கொடுத்தால் வயிறும் சிறுநீரகமும் கெடும். எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேட்டு எழுதி, ஒரே தெருவிலிருந்து பலர் வந்தால் அதை ஊராட்சியிலும் சுகாதார நிலையத்திலும் சொல்வது மாத்திரையைவிடப் பெரிய உதவி.

போட்டோ

நோயாளி முகம் தெரிகிற படம் வேண்டாம். குழந்தைகள் படம் வேண்டவே வேண்டாம். வரிசையின் பின்பக்கம், மேசை, பேனர், உங்கள் சகாக்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிச் சீட்டை மொபைலில் படம் எடுத்துக் குழுவில் போட்டு "இவருக்கு யாராவது உதவ முடியுமா?" என்று கேட்கிற நல்ல மனதுக்காரர்கள் எல்லாக் கேம்ப்பிலும் உண்டு. பெயரையும் நோயையும் சேர்த்து ஊருக்கே ஒலிபரப்புகிற வேலை அது. தடுத்துவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

வண்டியில் பாட்டு போடுவதற்கு முன்னால், அன்று எழுதிய பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். பி.பி., சுகர் புதிதாகத் தெரிய வந்தவர்கள் ஒரு பட்டியல், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர்கள் இன்னொன்று. முதல் பட்டியலின் நகல் நர்சம்மாவிடம் அன்றே போயிருக்க வேண்டும். இரண்டாவது பட்டியலை ஒரு தொண்டருக்கு ஐந்து பேர் வீதம் பிரித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்துப் போன் செய்து, போனார்களா, போகவில்லை என்றால் எது தடுத்தது என்று கேட்பது அவர் பொறுப்பு.

பகலில் கூப்பிட்டால் தோட்டத்திலோ ரோஜாப் பண்ணையிலோ இருப்பார்கள், எடுக்கமாட்டார்கள். மாலை ஏழிலிருந்து எட்டரைக்குள் கூப்பிடுங்கள். தெரியாத நம்பர் என்றால் லோன்காரர் என்று நினைத்து வெட்டிவிடுவார்கள். அதனால் எந்த நம்பரிலிருந்து யார் கூப்பிடுவார் என்பதைக் கடைசி மேசையிலேயே சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எடுத்ததும் ஊர் பெயர், கேம்ப் நடந்த பள்ளிக்கூடம், நர்சம்மா பெயர் மூன்றையும் சொல்லுங்கள். ஓ.டி.பி., ஆதார் எதையும் கேட்காதீர்கள். மகன் எடுத்தால் அம்மாவின் நோயை அவரிடம் விவரிக்க வேண்டாம். அம்மா ஊரில் எப்போது கிடைப்பார் என்று மட்டும் கேட்டு, அந்த நேரத்தில் மறுபடி கூப்பிடுங்கள்.